இரு கரைகளுக்குள் ஒரு கருவி

வலுக் குன்றிய மின்கலங்களோடு இயங்கும் வானொலிப் பெட்டியில் நாதசுரக் கச்சேரி கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். ஆலாபனை மெல்லென நடக்கும்போது ஒலி தெளிவாகவே இருக்கும். தவில் ஓங்கி முழங்கும் இடம் வந்ததும் அது சிதறிக் கரகரக்கும். இது வித்துவானின் பிழையன்று. ஒலிபரப்பு நிலையத்தின் பிழையுமன்று. பெட்டியினுள் இருக்கும் விரியலாக்கி, தனக்கு ஊட்டப்படும் வோல்ற்றளவுக்கு மேல் ஒரு வோல்ற்றையும் வெளியே தர வல்லதன்று. அலையின் உச்சி அந்த எல்லையில் முட்டித் தட்டையாகிவிடுகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது மின்னியலுக்கும் பொருந்தும்.

மிக எளிதாகத் தோன்றும் இந்த உண்மைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை விளங்கிக்கொள்ளத் திருக்கோணமலைத் துறைமுகத்தினின்று தொடங்குதல் தகும்.

கொட்டியாரக் குடாவின் ஆழ்ந்த நீரும், மலைகளும் முனைகளும் வளைத்துக் காக்கும் உட்துறையும் திருக்கோணமலைக்கு இயற்கை அளித்த செல்வம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் யாவரும் இத்துறைமேல் கண் வைத்தனர். ஆங்கிலேயர் இதனைப் பெருங் கடற்படைத் தளமாக்கினர். 1957 ஆம் ஆண்டிலேதான் அத்தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்தபின், இந்துமாக்கடலில் ஆங்கிலேயருக்கு எஞ்சிய பெருந்துறைகளுள் இது தலையானதாயிற்று.

1942 ஏப்ரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. தளபதி நகுமோவின் கீழ் ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்களோடு வந்த யப்பானியப் படை கொழும்பைத் தாக்கியது. எதிரிப் படை கடலில் வருகிறது என்பது முன்னரே தெரிந்திருந்தது. றேடார் நிலையமும் நகரில் இருந்தது. ஆயினும் விமானங்கள் அணுகிய வேளையில் அங்கிருந்து எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையில் இருந்த போர் விமானங்கள் எழும்பி ஆயத்தமாகும் முன்னரே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 ஆம் நாள் காலை, அதே படை திருக்கோணமலைக்கு வந்தது. இம்முறை எலிசபெத் முனையில் இருந்த றேடார் நிலையம் காலை ஏழு மணி கடந்து சில நிமிடங்களில், ஏறத்தாழ 91 மைல் தொலைவிலேயே விமானக் கூட்டத்தைக் கண்டுகொண்டது. சீனன்குடா விமானத் தளத்தின் ஹரிக்கேன் விமானங்கள் முன்கூட்டியே வானில் ஏறின. அழிவு தடுக்கப்படவில்லை என்பது உண்மையே. துறைமுகத்தில் சகாயிங் என்னும் கப்பல் எரிந்தது. சீனன்குடாவின் பெரும் எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று தீக்கிரையாயிற்று. முதல் நாளிரவே துறையை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. எனினும் எச்சரிக்கை வந்த துறைமுகத்துக்கும் வாராத நகருக்கும் இடையே இருந்த வேற்றுமை மறக்கத்தக்கதன்று. கருவி பேசாதிருந்தால் எதிரி இல்லை என்பது பொருளாகாது. இந்தப் பாடம் இப்பேச்சின் இறுதியில் மீண்டும் வரும்.

எதிரியைக் காண்பது ஒரு வேலை. அவனைச் சுட்டு வீழ்த்துவது வேறொரு வேலை. மணிக்கு 360 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒரு செக்கனில் 100 மீற்றர் செல்லும். பீரங்கிக் குண்டு உயரே போய்ச் சேர 10 செக்கன் ஆகுமாயின், அதற்குள் விமானம் ஒரு கிலோமீற்றர் கடந்துவிடும். ஆகவே பீரங்கி, விமானம் இருக்கும் இடத்தை நோக்காது, அது இருக்கப்போகும் இடத்தை நோக்க வேண்டும். தூரம், உயரம், திசை, வேகம், காற்று ஆகிய இவற்றையெல்லாம் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் கணநேரத்தில் விடை காணவேண்டும். அக்காலத்தில் இக்கணக்கைச் செய்தவை பற்சக்கரங்களும் தண்டுகளும் நிறைந்த பொறிகள். அவற்றை நுட்பமாகச் செய்து முடிக்கத் தேர்ந்த கைவினைஞரும் நெடுங்காலமும் வேண்டியிருந்தன.

இக்கணக்கை மின்சாரத்தாற் செய்யலாம் என்னும் எண்ணம் 1940 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. அங்கே தொலைபேசி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த டேவிட் பார்க்கின்சன் என்னும் இளம் பொறியியலாளர் ஒரு கனவு கண்டார். தாம் செய்துகொண்டிருந்த வரைபடக் கருவியின் பேனாவை நகர்த்திய அதே மாறுந் தடை, ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியைத் திருப்புவதாக அக்கனவில் தோன்றிற்று. தம் மேலாளர் கிளாரன்சு லவலிடம் அவர் அதனைச் சொன்னார். கனவு திட்டமாயிற்று, திட்டம் எம்-9 என்னும் பீரங்கி வழிகாட்டிப் பொறியாயிற்று.

இப்பொறியில் தூரமும் வேகமும் வோல்ற்றளவுகளாக மாறின. இரு வோல்ற்றளவுகளைக் கூட்ட ஓர் உறுப்பு தேவைப்பட்டது. அதனை வகுத்தவர் அதே ஆய்வுகூடத்துக் கார்ல் சுவார்ட்செல். அவர் 1941 ஆம் ஆண்டு மே மாதத்தில் விண்ணப்பித்த கூட்டல் விரியலாக்கிக்கு 1946 ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. மூன்று வால்வுகள் கொண்ட அந்தச் சுற்றே இன்று செயற்பாட்டு விரியலாக்கி எனப்படும் கருவியின் மூத்த பாட்டனார்.

அதன் உயிர்நாடி மறைப் பின்னூட்டல் என்னும் கொள்கை. இதுவும் நீர்த்துறையோடு தொடர்புடையதே. 1927 ஆகத்து 2 ஆம் நாள், ஹரோல்ட் பிளாக் என்பார் ஹட்சன் ஆற்றுத் தோணியில் வேலைக்குச் செல்லும் வழியில், கையிலிருந்த செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் இக்கொள்கையைக் குறித்துக்கொண்டார். விரியலாக்கி தரும் வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளே திருப்பி அனுப்பி, உள்ளீட்டோடு ஒப்பிடச் செய்தால், அது தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது அதன் சாரம். ஓடத்தைச் செலுத்துபவன் கரையைப் பார்த்துப் பார்த்துச் சுக்கானைத் திருப்புவது போன்றது இது.

ஆனால் சுக்கான் திருப்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வரை சென்ற பின்னர், எவ்வளவு திறமையான மாலுமியாயினும் ஓடம் அதற்குமேல் திரும்பாது. விரியலாக்கியும் அவ்வாறே. சுவார்ட்செலின் சுற்றுக்கு நேர் 350 வோல்ற்று, மறை 350 வோல்ற்று என இரு மின் வழங்கிகள் இருந்தன. கிழக்கை நேர் என்றால் மேற்கை மறை என்று குறிக்கவேண்டும் அல்லவா? அதனால் சுழியத்தின் இருபுறமும் இடம் தேவைப்பட்டது. அந்த இரு வழங்கிகளே கருவியின் இரு கரைகள். விடை அவற்றுக்குள் அடங்கவேண்டும். ஆயிரம் யார் தூரத்தைப் பத்து வோல்ற்றாக எழுதுவதா, ஒரு வோல்ற்றாக எழுதுவதா என்பது பொறியை வகுத்தவர்கள் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி. அளவைப் பெரிதாக வைத்தால் நுட்பம் கூடும். ஆயின் தொலைவிலுள்ள இலக்கின் எண் கரையில் முட்டும். சிறிதாக வைத்தால் முட்டாது. ஆயின் சிறு வேற்றுமைகள் மறைந்துபோம்.

திருக்கோணமலை தாக்கப்பட்ட வேளையில் எம்-9 போர்க்களத்துக்கு வந்திருக்கவில்லை. 1944 ஆம் ஆண்டில் சேர்மனியின் வீ-1 பறக்குங் குண்டுகள் இங்கிலாந்தின்மேல் ஏவப்பட்டபோது, புதிய றேடாரோடும், இலக்கை அணுகியதும் தானே வெடிக்கும் குண்டுத் திரியோடும் சேர்ந்து அது தன் ஆற்றலைக் காட்டிற்று. 1947 ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஜோன் இரகாசினியும் துணைவரும் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வகைச் சுற்றுகளுக்குச் செயற்பாட்டு விரியலாக்கி என்னும் பெயர் சூட்டப்பட்டது. கூட்டல், கழித்தல் முதலிய கணிதச் செயற்பாடுகளைச் செய்வதால் அப்பெயர்.

1950களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் பில்பிரிக்கின் நிறுவனம் கே2-டபிள்யூ என்னும் விரியலாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரு வால்வுகள் செருகிய அச்சிறு கருவிக்கு நேரும் மறையுமாக 300 வோல்ற்று ஊட்டப்பட்டது. அது வெளியே தந்ததோ நேரும் மறையுமாக 50 வோல்ற்றே. சட்டியில் இருந்ததெல்லாம் அகப்பையில் வரவில்லை! வால்வு இயங்குவதற்கே வோல்ற்றளவின் பெரும்பகுதி செலவாயிற்று. கரை ஓரிடத்திலும், ஓடம் செல்லத்தக்க ஆழநீர் அதற்கு வெகு தொலைவிலுமாக இருந்தன.

திரான்சிற்றர் வந்தபின் அந்தத் தொலைவு சுருங்கிற்று. 1965 ஆம் ஆண்டில் பொப் விட்லர் வகுத்த 709 உம், 1968 ஆம் ஆண்டில் டேவ் புல்லகர் வகுத்த 741 உம் ஒரு சிறு சிலிக்கன் துண்டினுள் முழுச் சுற்றையும் அடக்கின. இவை நேர் 15, மறை 15 வோல்ற்றில் இயங்கி, ஏறத்தாழ 13 அல்லது 14 வோல்ற்று வரை இருபுறமும் வெளியீடு தந்தன. எஞ்சிய ஒன்றிரண்டு வோல்ற்று ஏன் கிடைக்கவில்லை? வெளியீட்டுத் திரான்சிற்றரைத் திறந்துவைக்க அதன் அடிவாய்க்கும் காலிக்கும் இடையே சுமார் 0.6 அல்லது 0.7 வோல்ற்று வேண்டும். அதனை ஓட்டும் உறுப்புக்கும் சிறிது வேண்டும். சுங்கம் செலுத்தாது துறையைக் கடக்க முடியாதது போன்றது இது. 30 வோல்ற்று இருக்கும்போது இச்சுங்கம் பெரிதாகத் தோன்றவில்லை.

ஆனால் காலம் மாறிற்று. மோட்டார் வண்டியிலும் மீன்பிடி வள்ளத்திலும் இருப்பது ஒரேயொரு 12 வோல்ற்று மின்கலவடுக்கு. கணினிச் சுற்றுகளுக்கு இருந்தது 5 வோல்ற்று. மறைப் பக்கத்துக்கென்று தனி வழங்கி வைக்க எவரும் விரும்பவில்லை. ஆகவே ஒரு கரை சுழியமாயிற்று. மறு கரை 12 அல்லது 5 ஆயிற்று. இதுவே ஒற்றை வழங்கியில் இயங்குதல். பழைய 741 ஐ இவ்வாறு 12 வோல்ற்றில் இணைத்தால், அதன் வெளியீடு சுழியத்தை அணுகாது ஒன்றிரண்டு வோல்ற்று உயரத்திலேயே நின்றுவிடும்; மேலேயும் அவ்வளவு குறையும். 5 வோல்ற்றில் அதே சுங்கத்தைக் கொடுத்தால், எஞ்சுவது மிகச் சொற்பம்.

1972 ஆம் ஆண்டில் நசனல் செமிகண்டக்டர் நிறுவனம் வெளியிட்ட எல்.எம். 324 இந்தக் குறையைப் பாதி தீர்த்தது. நான்கு விரியலாக்கிகளை ஒரே உறையில் கொண்ட அது, 3 வோல்ற்று முதல் 32 வோல்ற்று வரை ஒற்றை வழங்கியில் இயங்கும். அதன் உள்ளீடு சுழியத்தையும் உணரும். வெளியீடு சுழியத்துக்குச் சில ஆயிரத்தொரு பங்கு வோல்ற்று வரை இறங்கும். எனினும் இந்த இறக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சுமார் 50 மைக்குரோ அம்பியர் வரையிலான சிறு ஓட்டத்தையே அது அந்த அடிமட்டத்தில் உள்வாங்கும். அதற்கு மேற்பட்ட ஓட்டத்தை விழுங்கச் சொன்னால், வெளியீடு அரை வோல்ற்றுக்கும் மேலே எழுந்து நிற்கும். மேற்கரையில் நிலைமை வேறு: வழங்கியினின்று ஏறத்தாழ 1.5 வோல்ற்று குறைவாகவே அது நிற்கும். 5 வோல்ற்று ஊட்டினால் 3.5 வோல்ற்றே உச்சம்.

இரு கரைகளையும் நெருங்கும் முயற்சியும் அதே பத்தாண்டில் தொடங்கிற்று. ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் உலோக ஒட்சைட்டுத் திரான்சிற்றர்களை வெளியீட்டில் வைத்தனர். விட்லர் 1970களின் பிற்பகுதியில் வகுத்த எல்.எம். 10 என்பது 1.1 வோல்ற்றிலேயே இயங்கி, இலேசான சுமையில் இரு கரைகளுக்கும் மிக அருகே சென்றது. இன்று கரை முதல் கரை வரை என்று விளம்பரஞ் செய்யப்படும் விரியலாக்கிகள் ஏராளம். ஆயினும் அவையும் கரையைத் தொடுவதில்லை. திறந்துள்ள திரான்சிற்றர் ஒரு சிறு தடையே. அத்தடை 100 ஓம் எனக் கொண்டால், ஒரு மில்லி அம்பியர் எடுக்கும்போது 0.1 வோல்ற்று இழப்பாகும். ஐந்து மில்லி அம்பியர் எடுத்தால் அரை வோல்ற்று இழப்பாகும். ஓமின் விதி எவருக்கும் தள்ளுபடி தருவதில்லை.

ஒலியைப் போல இருபுறமும் அசையும் அலையை ஒற்றை வழங்கியில் வைத்துப் பெருக்குவது எவ்வாறு? அலை ஓய்ந்திருக்கும் இடத்தை நடுவுக்கு உயர்த்துவதே வழி. 12 வோல்ற்று வழங்கியில் 6 வோல்ற்றை அமைதி நிலையாகக் கொண்டால், மேலும் கீழும் அசைய இடமுண்டு. இவ்வாறு செய்யாவிடின் அலையின் கீழ்ப்பாதி சுழியத்தில் நறுக்கப்பட்டுப் போகும்.

ஒலிபரப்புக்கும் இதே விதி உண்டு. சேர்மனியின் டொய்ச்செ வெல்லெ 1980களில் திருக்கோணமலை மாவட்டத்தில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவிற்று. 2013 அளவில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்து சிற்றலையிலும் மத்திய அலையிலும் சென்ற ஒலி, காவியலையின் வீச்சை ஏற்றியும் இறக்கியும் பயணஞ் செய்வது. வீச்சுச் சுழியம் வரையே இறங்கலாம். அதற்குக் கீழே இறங்க இடமில்லை. பேச்சாளரின் குரலை அளவுக்கு மீறி ஏற்றினால் அலையின் பள்ளம் சுழியத்தில் நறுக்குண்டு, சொல் சிதைவதோடு அயல் நிலையங்களின் ஒலியும் கெடும். ஆகவே ஒலிக் கட்டுப்பாட்டாளர் அளவுமானியின்மேல் எப்பொழுதும் கண்ணாயிருப்பர்.

ஒலி சிதறினால் காது உடனே அறிந்துகொள்ளும். ஆனால் அளவுக் கருவி எல்லையில் முட்டும்போது அவ்வாறு ஓலமிடுவதில்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை திருக்கோணமலைக் கரையையும் தாக்கியது. அதன்பின் இந்துமாக்கடல் நாடுகள் கூடி எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றை அமைத்தன. கடல்மட்டத்தை இடைவிடாது அளந்து செய்மதி வழியே அறிவிக்கும் கருவிகள் அதன் ஓர் உறுப்பு. அத்தகைய ஒரு கருவியை எண்ணிப் பார்க்கலாம். நீரின் அமுக்கத்தை உணரும் அதன் விரியலாக்கி, ஒற்றை 5 வோல்ற்று வழங்கியில், ஒரு மீற்றர் உயரத்துக்கு ஒரு வோல்ற்று என்று காட்டுவதாகக் கொள்வோம். வழங்கி 5 வோல்ற்று ஆதலால் ஐந்து மீற்றர் வரை அளக்கும் என்று அதனைச் செய்தவர் நம்பியிருக்கலாம். அவ்விடத்தில் இருப்பது எல்.எம். 324 ஆனால், மூன்றரை மீற்றரில் அது நின்றுவிடும். நீர் நான்கு மீற்றர் எழுந்தாலும், ஐந்து மீற்றர் எழுந்தாலும், கருவி மூன்றரை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவர் நீர் ஏறுவது நின்றுவிட்டது என்று எண்ணுவர்.

திருக்கோணமலையில் வற்றுப்பெருக்கின் வேற்றுமை ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே அமைதியான நாட்களில், ஆண்டுக் கணக்காகப் பார்த்தாலும், அக்கருவியின் குறை வெளிப்படாது. எந்த நாளுக்கென்று அது வைக்கப்பட்டதோ அந்த நாளிலேதான் அது பொய் சொல்லும்.

கீழ்க்கரையிலும் இதே சிக்கல் உண்டு. கருவி சுழியம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் வற்றிவிட்டதா, விரியலாக்கி தன் அடிமட்டத்தில் முட்டி நிற்கிறதா, கம்பி அறுந்துபோயிற்றா? மூன்றுக்கும் விடை ஒரே சுழியமாக இருந்தால் எவ்வாறு பிரித்தறிவது? தொழிற்சாலைப் பொறியியலாளர் இதற்கு ஓர் அழகிய வழி கண்டனர். அளவின் சுழியத்தை 4 மில்லி அம்பியராகவும், உச்சத்தை 20 மில்லி அம்பியராகவும் அனுப்பும் முறை அது. 250 ஓம் தடையில் இது 1 வோல்ற்றும் 5 வோல்ற்றுமாகும். கருவி உயிரோடிருந்து, அளப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் 4 வரும். கருவி இறந்துபோனால் சுழியம் வரும். இல்லை என்று சொல்வதற்கும் சொல்ல ஆளில்லாமைக்கும் வேற்றுமை தெரிந்துவிடுகிறது. அந்த 1 முதல் 5 வோல்ற்றைப் படிக்கும் விரியலாக்கிக்கு 12 வோல்ற்று மின்கலவடுக்கு இருக்குமாயின், மின்கலம் சிறிது தளர்ந்தபோதும் இரு கரைகளினின்றும் விலகி ஆழநீரில் அது செல்லும்.

1942 ஏப்ரல் 5 இல் கொழும்பு கேட்டது வெறும் மௌனம். நான்கு நாள் கழித்து எலிசபெத் முனை கேட்டதோ உயிருள்ள ஒரு குரல். மௌனத்தை நலம் என்று எண்ணிவிடாதபடி கருவியை வகுக்கவேண்டும் என்பதே அந்த இரு காலைகளும் பொறியியலாளருக்கு விட்டுச்சென்ற செய்தி எனலாம்.

கொட்டியாரக் குடாவுக்குள் கப்பல் செலுத்தும் மாலுமி, கடல்வரைபடத்தில் ஆழத்தைப் பார்க்குமுன் பாறைகள் எங்கே என்றுதான் பார்ப்பான். விரியலாக்கியைக் கையாள்பவரும் அவ்வாறே, அது எவ்வளவு பெருக்கும் என்று கேட்குமுன் எங்கே நின்றுவிடும் என்று கேட்டறிதல் வேண்டும். கரை எங்கே என்று தெரிந்தவனுக்கே நடுநீரில் அச்சமில்லை.